ஆறுகாணி சகதி ஏற்றத்துக்கு ஜிப்சியில் பெரிய டயர்: நாற்பதாயிரத்துக்குள் முடியுமா?

அருமனைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 2007 மாருதி ஜிப்சி கிங் இருக்கிறது, சாஃப்ட் டாப். போன வருஷம் வாங்கினேன். ஆறுகாணி பக்கம் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் ரப்பர். கடையாலுமூடு தாண்டி, தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் ஏற்றம்தான் வழி. வெயில் காலத்தில் ஆட்டோகூட ஏறிவிடும். ஜூன் மழை தொடங்கிவிட்டால் கதை வேறு.

போன வாரம் கடைசி வளைவில் வண்டி நின்றுவிட்டது. ஃபோர் வீல் போட்டு, லோ கியரும் போட்டேன். முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் சும்மா சுழன்றன, வண்டி நகரவில்லை. ரப்பர் ஷீட்டை அப்பா தலைச்சுமையாகக் கீழே இறக்கினார். அவருக்கு 64 வயது. அதை மறுபடி பார்க்க எனக்கு மனசில்லை.

இப்போது இருப்பது கம்பெனி அளவு, 205/70 ஆர்15, ரோடு டயர். 235/75 ஆர்15 போடலாம் என்று நினைக்கிறேன். 30 அங்குல உயர டயர் போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கையில் இருப்பது மொத்தமே 40,000 ரூபாய். கடன் வாங்கிச் செய்ய விருப்பமில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தோட்டத்துஜீப்:

தம்பி, டயர் வாங்குவதற்கு முன்னால் இரண்டு கேள்வி. வண்டி நின்ற அன்று டயரில் காற்று எவ்வளவு இருந்தது? பல் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது?

நான் முப்பது வருஷமாக எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறேன். கீரிப்பாறை, பாலமோர் பக்கமெல்லாம் மழையில் ஏறியிருக்கிறேன். நம்ம ஊர் செம்மண்ணில் களி கலந்திருக்கும். ரோடு டயரின் பல் இடுக்கில் அது போய் அடைந்துகொண்டால் டயர் கொழுக்கட்டை மாதிரி வழவழவென்று ஆகிவிடும். அப்புறம் அது 28 அங்குலமாக இருந்தாலும் 31 அங்குலமாக இருந்தாலும் ஒரே இடத்தில்தான் சுற்றும். ஒட்டின மண்ணைச் சுழலும்போதே உதறித் தள்ளுகிற பல் வேண்டும். உயரம் அதற்கு அப்புறம்.

அருமனைக்காரன்:

அண்ணா, அன்று காலைதான் மார்த்தாண்டத்தில் பெட்ரோல் பங்கில் காற்று நிரப்பினேன். 30 பிஎஸ்ஐ. பல் 3 மி.மீ. இருக்கும்.

தோட்டத்துஜீப்:

பாதிப் பதில் கிடைத்துவிட்டது மக்கா. ஜிப்சி எடை ஒரு டன் பக்கம்தான். அதற்கு 30 காற்று வைத்தால் டயரின் நடுப்பகுதி மட்டும்தான் மண்ணைத் தொடும். தார் ரோடு முடிகிற இடத்தில் நிறுத்தி 18க்கு இறக்கு. டயர் கொஞ்சம் பரந்து உட்கார்ந்து கல்லையும் வேரையும் பிடிக்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் தார் ரோட்டுக்குத் திரும்பி வந்ததும் கட்டாயம் நிரப்ப வேண்டும். காற்றுக் குறைவாக வேகமாகப் போனால் டயரின் பக்கச் சுவர் சூடேறி உரிந்துவிடும். ஒரு காற்று மீட்டரும், பேட்டரியில் மாட்டுகிற சின்ன பம்பும் வாங்கு. அதுதான் முதல் செலவு.

வடசேரிகணக்கு:

உயரம் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், பலருக்கும் இங்கேதான் குழப்பம் வருகிறது. டயர் எண்ணில் முதலில் வருவது அகலம் (மி.மீ.), அடுத்தது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசியில் ரிம் விட்டம் (அங்குலம்). 205/70 ஆர்15 என்றால் பக்கச் சுவர் 143.5 மி.மீ., ரிம் 381 மி.மீ., மொத்த விட்டம் 668 மி.மீ. இதே மாதிரி 215/75 ஆர்15 போட்டால் 703.5. 235/75 ஆர்15 போட்டால் 733.5.

வண்டி உயர்வது இந்த வித்தியாசத்தில் பாதிதான், ஏனென்றால் அச்சு சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. ஆக 215/75க்கு வண்டி சுமார் 18 மி.மீ. உயரும், 235/75க்கு சுமார் 33 மி.மீ. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 15 மி.மீ., ஒரு விரல் தடிமன். அந்த ஒரு விரலுக்கு எவ்வளவு பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்பதே கேள்வி.

ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். 60 என்று காட்டும்போது 215/75இல் உண்மை வேகம் 63, 235/75இல் கிட்டத்தட்ட 66. கிலோமீட்டர் கணக்கும் அதே விகிதத்தில் குறைவாக ஓடும். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று சொல்வதில் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழை.

இன்னொன்று ரிம் அகலம். 215/75க்கு 5.5 அங்குல ரிம் போதும். 235/75க்குக் குறைந்தது 6 அங்குலம் வேண்டும். ரிம்மில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 5.5 ஜே என்று இருந்தால் 235க்கு ரிம்மும் மாற்ற வேண்டியதுதான்.

பேச்சிப்பாறைக்காரன்:

நான் 235/75தான் போட்டிருக்கிறேன், அதனால் என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அருமையாக இருக்கிறது. சிற்றாறு பக்கம் ஓடையில் கல் மேல் ஏறி இறங்கும்போது கிரவுன் பெட்டி (அச்சின் நடுவில் தொங்குகிற கியர் பெட்டி) தட்டுவதே இல்லை. நான்கு வருஷமாக ஓட்டுகிறேன், திரும்பவும் அதையேதான் போடுவேன்.

ஆனால் தம்பி கேட்டது நாற்பதாயிரத்துக்குள். என் செலவு டயரோடு நிற்கவில்லை. 6 அங்குல ரிம் வாங்கினேன். முழுசாக வளைத்தால் டயர் ஸ்பிரிங்கில் உரசியது. பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டில் இடித்தது. ஸ்பிரிங் பிளேட் சேர்த்து, நீளமான ஷாக்கிள் (ஸ்பிரிங் முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கிற துண்டு) போட்டு உயர்த்தினேன். உயர்த்தினதும் ஷாக் அப்ஸார்பர் நீளம் பற்றவில்லை, நான்கையும் மாற்றினேன். அப்புறம் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. பிரேக் பிடிக்கிற தூரமும் கூடிப்போனது. எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தாண்டியது, அதுவும் இரண்டு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக.

1298 சிசி எஞ்சின், 80 குதிரைத் திறன். டயர் விட்டம் பத்து சதவீதம் கூடினால் எல்லா கியரும் பத்து சதவீதம் பளு கூடினது போல ஆகிவிடும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை ஏறும்போது மூன்றாவதில் போன இடத்தில் இப்போது இரண்டாவது போடுகிறேன். எனக்கு இது பிடித்த வேலை, அதனால் செய்தேன். தினமும் தோட்டத்துக்குப் போய் வர இவ்வளவு தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

தக்கலைபட்டறை:

ஸ்டியரிங் ஆட்டம் என்றதும் வந்தேன். ஜிப்சியில் பெரிய டயர் போட்டுவிட்டு என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் பிரச்சினை. ஐம்பது, அறுபதில் போகும்போது ஒரு சின்னப் பள்ளம் தட்டினால் போதும், ஸ்டியரிங் கையை உதறிவிட்டு ஆடும். பழகாதவர்கள் பயந்துபோவார்கள். நியாயமான பயம்தான்.

டயர் காரணம் இல்லை, அது பழைய நோயை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். முன் அச்சில் இரண்டு பக்கமும், சக்கரம் இடம் வலம் திரும்புகிற மூட்டில், கிங்பின் பேரிங் இருக்கிறது. 2007 வண்டியில் யாரும் தொடாமல் இருந்தால் அது தேய்ந்துதான் இருக்கும். நீங்களே பார்க்கலாம். முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் கிங்பின். அதோடு ஸ்பிரிங் புஷ், ஸ்டியரிங் ராடு முனைகள், ஸ்டியரிங் டேம்பர் எல்லாம் பார்த்துவிடுங்கள். டயர் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

ரிம்முக்குப் பின்னால் ஸ்பேஸர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளச் சொல்வார்கள். பார்க்க நன்றாக இருக்கும். பளு முழுதும் வீல் பேரிங்கில் விழும், போல்ட்டுக்கும் கேடு. என் பட்டறையில் நான் போட்டுக் கொடுப்பதில்லை.

அருமனைக்காரன்:

வேகமாகப் பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சாயங்காலம் ஜாக்கி வைத்துப் பார்த்தேன். இடது சக்கரம் பிரேக் மிதித்தும் ஆடுகிறது. கிங்பின்தான் போல.

235 ஆசையை விட்டுவிட்டேன். இப்போது இரண்டு கேள்வி. காசு மிச்சம் பிடிக்க, பின்னால் மட்டும் இரண்டு பெரிய டயர் போட்டால் போதுமா? பழைய டயர் வாங்கலாமா?

தோட்டத்துஜீப்:

இரண்டு மட்டும் வேண்டவே வேண்டாம் மக்கா. ஜிப்சியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டால் இரண்டு அச்சும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். பின்னால் பெரிசு, முன்னால் சிறிசு என்றால் ஒன்றையொன்று இழுக்கும். சகதியில் வழுக்கித் தப்பிக்கும், கெட்டியான தரையில், இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரித்து அனுப்புகிற டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குள் பல் உடையும். நாலும் ஒரே அளவு. ஸ்டெப்னியும் அதே அளவாக இருக்க வேண்டும்.

நான் சொல்வது 215/75 ஆர்15. காரணம், பொலீரோவுக்குக் கம்பெனியே போட்டு அனுப்புகிற அளவு அது. நம்ம மாவட்டத்தில் பொலீரோ இல்லாத தெரு எது? மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் எந்த டயர் கடையிலும் கிடைக்கும். நாளைக்கு ஆரல்வாய்மொழியில் டயர் கிழிந்தாலும் அங்கேயே மாற்று கிடைக்கும். 30 அங்குலம் போட்டவன் ஒரு டயருக்காக நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பழைய டயர் வாங்கினால் ஸ்டெப்னிக்கு மட்டும் வாங்கு. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருஷம் தாண்டினதைத் தொடாதே. பக்கச் சுவரை விரலால் அழுத்தி வளைத்துப் பார், முடி மாதிரி வெடிப்பு தெரிந்தால் வைத்துவிட்டு வா. உள்பக்கம் கையை விட்டுத் தடவி ஒட்டுப் போட்டிருக்கிறதா என்றும் பார்.

காப்புக்காட்டான்:

இடையில் வருகிறேன். ரீட்ரேட் டயர் (தேய்ந்த டயரில் புதுப் பல் ஒட்டினது) பற்றி யாரும் சொல்லவில்லையே? பாதி விலைக்குள் முடிந்துவிடும், நல்ல பட்டன் டயர் (கட்டை கட்டையான பல் உள்ள டயர்) மாதிரியே பல்லும் கிடைக்கும்.

தோட்டத்துஜீப்:

தோட்டத்துக்குள்ளேயே ஓடுகிற ஜீப்புக்கு நானே போட்டிருக்கிறேன், இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது. அதில் குறை சொல்ல மாட்டேன். தம்பி வண்டி அருமனையிலிருந்து தார் ரோட்டில் ஓடிவர வேண்டும், வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றுவார். முன் சக்கரத்தில் ஒட்டுப் பல் உரிந்தால் பிடிக்க முடியாது.

காசு மிச்சம் பிடிக்கிற வழி வேறு ஒன்று உண்டு. மழைக்கால எஸ்டேட் ஜீப்பில் பின் டயரில் இரும்புச் சங்கிலி சுற்றிக் கட்டுவோம். ரொம்ப மோசமான நாளுக்கு அது போதும். மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், தார் ரோடு வந்ததும் கழற்றிவிட வேண்டும்.

களியக்காவிளைபாதை:

நான் தினமும் எல்லை தாண்டிப் போய் வருகிறவன். சட்ட விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் 52ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாகப் பதிவுப் புத்தக விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது, அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். அதற்கு அப்புறம் அந்தப் பக்கம் சோதனை கெடுபிடி. டிஎன் 75 என்ற நம்ம ஊர் நம்பர் பலகையோடு, எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் என்னை இரண்டு முறை நிறுத்தி டயரை அளந்தார்கள்.

டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். 215 அகலம் பழைய ரிம்மிலேயே உள்ளடங்கி நிற்கும். ஆனாலும் அது கம்பெனி கொடுத்த அளவு இல்லை என்பதை மறக்க வேண்டாம். வாங்குவதற்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டு, விபத்து நேரத்தில் பணம் கிடைக்காமல் போன ஒருவரை எனக்குத் தெரியும். அவர் குடும்பம் பட்ட பாடு சின்னதில்லை.

இன்னொன்று, பல் 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த டயரோடு கார் வகை வண்டி ஓட்டுவதும் விதிமீறல். அருமனைக்காரர் டயர் அந்தக் கோட்டை நெருங்கிக்கொண்டிருக்கிறது.

முட்டம்மணல்:

அகலம் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து. கடற்கரை மணலில் அகலமான டயர்தான் மிதக்கும். வலை ஏற்றிக்கொண்டு மணலில் இறங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். நான் 15 பிஎஸ்ஐ வரை இறக்கித்தான் மணலில் ஓட்டுவேன். அதற்குக் கீழே போனால் டியூப் இல்லாத டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். வளைவில் திடீரென்று ஒடித்தாலும் கழலும்.

தோட்டத்துஜீப்:

மணலுக்கு நீங்கள் சொல்வது சரி. மணலுக்கு அடியில் கெட்டித் தரை கிடையாது, அதனால் மேலேயே மிதக்க வேண்டும். ஆறுகாணி ஏற்றத்தில் சகதி அரை அடி, அதன் அடியில் சரளைக்கல். டயர் சகதியைக் கிழித்து அந்தக் கல்லைத் தொட வேண்டும். பழைய ஜீப்புகளில் 6.00-16 என்று ஒல்லியான உயர டயர் போட்டு அனுப்பியதும் வீணுக்கு இல்லை. ஒரே மாவட்டத்தில் முட்டத்துக்கு ஒரு டயர், மலையோரத்துக்கு ஒரு டயர்.

தம்பி, கடைசியாக ஒன்று. அந்த வளைவில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மழை பெய்யும்போது குடை பிடித்துப் போய் நின்று பார். மேட்டுப் பக்கம் ஒரு சின்ன ஓடை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டால், சகதி பாதியாகிவிடும்.

அருமனைக்காரன்:

மூன்று மாதம் கழித்து வருகிறேன். வேலை முடிந்தது. செலவை அப்படியே எழுதுகிறேன், இதே நிலையில் இருக்கிற ஒருவருக்கு உதவும்.

முதலில் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கிளையிலும் கேட்டேன். இன்ஷூரன்ஸுக்கு டயர் அளவு மாற்றத்தை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். அப்புறம் கிங்பின் பேரிங் இரண்டு பக்கமும், கூலியோடு 4,200. 215/75 ஆர்15 ஆல் டெரெய்ன் டயர் (தார் ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவானது) புதிசு நான்கு, ஒன்று 6,900 வீதம் 27,600. ஸ்டெப்னிக்குப் பொலீரோவிலிருந்து கழற்றின டயர் ஒன்று 1,800, செய்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, பல் 5 மி.மீ. மாட்டுக்கூலி, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் 1,600. காற்று மீட்டரும் பம்பும் 2,300. மொத்தம் 37,500.

சகதிக்கென்றே செய்கிற மட் டெரெய்ன் டயர் பற்றியும் யோசித்தேன். தார் ரோட்டில் இரைச்சலும் தேய்மானமும் அதிகம் என்றார்கள். எனக்குப் பத்தில் எட்டுப் பங்கு ஓட்டம் தார் ரோட்டில்தான், அதனால் விட்டுவிட்டேன். முழுசாக வளைக்கும்போது லேசாக உரசியது. ஸ்டியரிங் நிறுத்தும் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே திருப்பினார்கள், உரசல் போய்விட்டது. வண்டி திரும்புவதற்கு இப்போது கொஞ்சம் கூடுதல் இடம் வேண்டியிருக்கிறது.

தார் ரோட்டுக்கு எவ்வளவு காற்று என்பதைச் சாக்பீஸ் வைத்துக் கண்டுபிடித்தேன். டயரின் பல் மேல் குறுக்கே கோடு போட்டுவிட்டு நேராக ஐம்பது மீட்டர் ஓட்ட வேண்டும். 28இல் நடுக்கோடு மட்டும் அழிந்தது, 24இல் முழுக் கோடும் சீராக அழிந்தது. பொலீரோ அளவு டயரின் பக்கச் சுவர் நம்ம வண்டி எடைக்குக் கொஞ்சம் விறைப்பு, அதனால் 24 வைத்திருக்கிறேன்.

மிச்சம் இருந்த பணத்தில் இரண்டு நாள் ஆள் கூட்டி வளைவில் ஓடை வெட்டினோம். அண்ணன் சொன்ன மாதிரி மழையில் போய் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, பக்கத்துத் தோட்டத்துக் கயாலை (எல்லைச் சுவர்) இடிந்த இடத்திலிருந்து தண்ணீர் முழுதும் எங்கள் வழியில்தான் இறங்கியிருக்கிறது. அவர்களும் கல் எடுத்து அடுக்க ஒத்துக்கொண்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. தார் முடிகிற இடத்தில் நிறுத்தி 18க்கு இறக்கினேன். லோ இரண்டாவது கியர், ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வைத்தேன். வளைவில் பின்பக்கம் ஒரு முறை வழுக்கியது, பிடித்துக்கொண்டது, ஏறிவிட்டது. திரும்பும்போது எட்டு கட்டு ஷீட் பின்னால், அப்பா முன்னால்.

குலசேகரம்மழை:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. நானும் இதே அளவு போடப் போகிறேன். போட்டுவிட்டு காளிகேசம் தாண்டிக் காட்டுப் பாதையில் ஒரு ஓட்டம் போகலாமா, யாராவது வருகிறீர்களா?

பேச்சிப்பாறைக்காரன்:

தம்பி, அது கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயப் பகுதி. வனத்துறை அனுமதி இல்லாமல் பாதையை விட்டு உள்ளே வண்டி இறக்குவது குற்றம். யானை நடமாட்டம் உள்ள இடம், அதுகளுக்கு நம்ம எஞ்சின் சத்தம் வேண்டாம். ஓட்ட ஆசை என்றால் தெரிந்தவர்கள் தோட்டத்தில் கேட்டு ஓட்டலாம், எங்கள் பக்கம் வாருங்கள்.

தக்கலைபட்டறை:

அருமனைக்காரரே, டயர் மாட்டி எத்தனை கிலோமீட்டர் ஆச்சு? முதல் நூறு கிலோமீட்டரில் வீல் நட்டு எல்லாவற்றையும் ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். கிங்பின் வேலையும் புதிசு, ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு தடவை கொண்டுவந்து காட்டுங்கள். காசு வேண்டாம்.

அருமனைக்காரன்:

முந்நூறு ஓடிவிட்டது அண்ணா. இப்போதே பார்த்துவிட்டு வந்தேன். இடது பின் சக்கரத்தில் ஒரு நட்டு கால் சுற்று ஏறியது, மற்றதெல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கிறது. அடுத்த வாரம் தக்கலை வருகிறேன்.